பூச்சி தின்னாத துணி

ஜூலை 2, புதன்

ரத்த அழுத்தம் நூற்று அறுபதுக்கு நூறு. சோமனூர் டாக்டர் கையில் சுற்றிய பட்டையைக் கழற்றிவிட்டு, "யார்கூட சண்டை போட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டார். யாரோடும் இல்லை, பஸ் கண்டக்டரோடு மட்டும்தான் என்றேன். படியில் நிற்காதீங்க என்றான், உட்கார இடத்தைக் காட்டு உட்காருகிறேன் என்றேன், இதற்குப் பெயர் சண்டையா? டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, வாயில் வருவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். எழுதினால் பாதி இறங்கிவிடுமாம்.

சரி, எழுதுகிறேன். நான் கலாமணி, வயது ஐம்பத்திரண்டு. பதினெட்டு வருஷம் கூட்டுறவுச் சங்கத்துப் பட்டு குடோனில் இருந்தவள். என் பொறுப்பில் இருந்த ஒரு புடவையில்கூடப் பூச்சி வாய் வைத்ததில்லை, இதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். சங்கத்தை மூடிய பிறகு கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் இந்தக் கம்பெனிக்கு வந்தேன். பேக்கிங் சூப்பர்வைசர்.

இங்கே செய்வது துணி, ஆனால் யாரும் நெய்வதில்லை. அரமிட் என்று ஒரு செயற்கை இழை. அரிசி நீளத்துக்கு வெட்டி, தண்ணீரில் கலக்கி, கஞ்சியை வடிக்கிற மாதிரி சல்லடையில் ஓடவிட்டு, சூட்டு உருளையில் அழுத்துவார்கள். காகிதமும் இல்லாமல் துணியும் இல்லாமல் மஞ்சளாக ஒன்று வரும். அதை உலர்த்தும் அறையில் காயவைத்து ரோலாக என்னிடம் தள்ளுவார்கள். நான் கட்டி பெங்களூருக்கு அனுப்புவேன். அங்கே பிசினில் தோய்த்து, செம்புத் தகட்டை வைத்து அழுத்தினால் சர்க்யூட் போர்டு. போனைப் பிரித்தால் உள்ளே பச்சையாகப் பலகை இருக்குமே, அது.

இதில் என் ரத்தத்தைக் கொதிக்கவைப்பவர் உலர்த்தும் அறை ஆபரேட்டர் நாச்சிமுத்து. தினம் இருபது நிமிஷம் தாமதம். கேட்டால், "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரோணுமில்லீங்கம்மணி" என்பார். கடிகாரத்தை அவிழ்த்து அந்த மாட்டுக்கே தீனியாகப் போட்டுவிட்டார் போலிருக்கிறது.

எழுதி முடித்ததும் உண்மையிலேயே கொஞ்சம் லேசாக இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

மேனேஜர் சந்திரமௌலி சார் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். சென்னைக்காரர். சட்டை மடிப்பு கலைந்து நான் பார்த்ததில்லை. பளபளவென்று முற்றாத கத்தரிக்காய் மாதிரி இருப்பார், அரிந்து பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

பெங்களூர்க் கம்பெனி மூன்று தவணையாகச் சரக்கு கேட்டிருக்கிறது, தவணைக்கு மூன்று ரோல். மூன்றும் தேறினால் வருஷம் முழுக்க ஆர்டர். இல்லாவிட்டால் இந்த லைனை மூடிவிடுவார்கள். முப்பத்தெட்டு பேர் இருக்கிறோம். கடைசியில் என்னைப் பார்த்து, "பேக்கிங் மேடம், இது பட்டுப் புடவையைவிட விலை ஜாஸ்தி. பட்டு மாதிரி பாத்துக்குங்க" என்றார்.

என்னிடமா சொல்கிறார்!

மத்தியானம் பேக்கிங் அறை மூலையில் ஒரு பூச்சியைப் பார்த்தேன். வெள்ளியாக, வால் மூன்று முடியாகப் பிரிந்து, வளைந்து நெளிந்து ஓடியது. பட்டுக்கு எமன் அது. செருப்பால் அடித்துக் கொன்றேன். ஆனால் ஒன்று இருந்தால் ஒன்பது இருக்கும்.

உடனே வீட்டுக்குப் போய், பீரோவில் துணிக்கு நடுவே போடுகிற பாச்சா உருண்டை எடுத்து வந்தேன். உருண்டையாக வைத்தால் ரோலைத் திருப்பும்போது கடகடவென்று சத்தம் வரும், அதனால் பொடித்தேன். ஈரம் உறிஞ்சுவதற்கு சிலிக்கா ஜெல் வருமே, அந்த மாதிரி வெள்ளைத் துணிப் பையிலேயே கட்டினேன். ரோலின் அட்டைக் குழலுக்குள் இந்தப் பக்கம் ஒரு ஸ்பூன், அந்தப் பக்கம் ஒரு ஸ்பூன். ரோல் எண் 11, 12, 13. மேலே பிளாஸ்டிக், அதற்கு மேல் அலுமினியப் பை, காற்றுப் புகாமல் ஒட்டினேன்.

யாரிடமும் கேட்கவில்லை. குழம்புக்கு உப்புப் போட யாராவது மேனேஜரிடம் கையெழுத்து வாங்குவார்களா?

ஜூலை 7, திங்கள்

காலையில் சிலிண்டர் தீர்ந்தது. வீட்டுக்காரர் இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினியப் பாத்திரத்தை வைத்துவிட்டு, கரண்ட் இல்லை என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் பட்டினியோடு போனேன்.

ஜூலை 9, புதன்

நாச்சிமுத்து டிபன் கேரியரை என் பேக்கிங் மேஜைமேல் வைத்திருந்தார். பட்டைவிட விலை அதிகமான துணியை விரிக்கிற மேஜை. எடுத்துத் தரையில் வைத்தேன். "ஏனுங்கம்மணி, அதுல தக்காளிச் சோறுதானுங் இருக்குது, தேளா இருக்குது?" என்று சிரித்தார். அவர் சிரித்தால் பூட்டி வைத்த கடைக்குப் பழைய ஷட்டரைத் தூக்குகிற மாதிரி ஒரு சத்தம். அறை முழுக்க அந்தச் சத்தம். முகக்கவசம் போட்டிருப்பதால் பல்லைப் பார்க்கிற கொடுமை மட்டும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

இரண்டாம் தவணை கட்டினேன். எண் 14, 15, 16. பையை முடிந்து குழலுக்குள் தள்ளும்போது, என்னவோ பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது, எழுதினால் என்ன.

நாச்சிமுத்து இன்று இருபத்தைந்து நிமிஷம்.

ஜூலை 17, வியாழன்

முதல் தவணை தேறவில்லை!

பெங்களூரிலிருந்து படம் அனுப்பியிருக்கிறார்கள். சார் அதைப் பெரிய டிவியில் போட்டுக் காட்டினார். அழுத்தி எடுத்த பலகை முழுக்கக் கொப்புளம். எண்ணெயில் போட்ட அப்பளம்கூட இவ்வளவு பொங்காது.

எல்லோரையும் வரிசையாகக் கேள்வி கேட்டார். தரப் பரிசோதனை இசக்கியம்மாள் திருநெல்வேலிப் பெண், இருபத்தாறு வயது, கொசுவுக்குப் பேச்சு வந்த மாதிரி ஒரு குரல். "சார், ரோல் பேக்கிங் போறதுக்கு முன்னால மேல் சுத்துல ஒரு துண்டு வெட்டி நம்ம லேப்லயே பலகை போட்டுப் பாத்துட்டுதான் அனுப்புதேன். ஒரு கொப்புளம் கெடையாது. வேணும்னா நீங்களே வந்து பாருங்க" என்று பலகையைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்ப மேல் சுத்து காஞ்சிருக்கு, உள் சுத்து காயலை" என்றார் சார். "உள்ளே ஈரம் இருந்தா சூட்டுல ஆவியாகி, வெளியேற வழியில்லாம கொப்புளமாத்தான் வரும்."

எல்லோரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"நான் எப்பவும் போலத்தானுங் வெச்சேன், ஆறு மணி நேரம்" என்றார். அவ்வளவுதான். வாதாடவே தெரியாத மனுஷன்.

என்னிடம், "பேக்கிங்ல எதாவது மாத்தினீங்களா மேடம்?" என்று கேட்டார். ஒன்றும் மாற்றவில்லை என்றேன். மாற்றவில்லைதானே? கூடுதலாகக் கவனம் எடுத்துக்கொண்டேன், அதைப் போய் மாற்றம் என்பார்களா?

அப்புறம் என் வாய் சும்மா இருக்கவில்லை. "காலையில இருபது நிமிசம் லேட்டா வந்தா எப்படிங்க சார் காயும்?" என்று கேட்டுவிட்டேன். உண்மையைத்தானே சொன்னேன். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

இரண்டாம் தவணையும் போய்விட்டது. இதில் கொப்புளம் இன்னும் அதிகம். சார் பெங்களூர் போய் கையைக் காலைப் பிடித்திருக்கிறார். மூன்றாம் தவணை கடைசி வாய்ப்பு, அதுவும் போனால் லைன் மூடல்.

நாச்சிமுத்துவை அறைக்குள் கூப்பிட்டு, "இதுதான் உங்களுக்கும் கடைசி" என்று சார் சொன்னது வெளியே கேட்டது. அவர் வெளியே வந்து, கையை ரொம்ப நேரம் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே நின்றார். பாவமாக இருந்ததா என்றால், இல்லை. கொஞ்சம்.

ஜூலை 24, வியாழன்

மூன்றாம் தவணை. 17, 18, 19. நாச்சிமுத்து எட்டு மணி நேரம் காயவைத்திருக்கிறார், கதவுக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு நேரத்துக்கே வந்திருந்தார்.

முப்பத்தெட்டு பேர் பிழைப்பு இதில் இருக்கிறது. என் பங்குக்கு நான் குறை வைக்கக் கூடாது என்று இந்தத் தடவை இரண்டு பக்கமும் மூன்று மூன்று ஸ்பூன் வைத்தேன். திங்கட்கிழமை லாரி.

ஜூலை 25, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் இசக்கி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்தாள், கருவாடு. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக. மூக்கைப் பிடித்துக்கொண்டு, பேக்கிங் அறை மூலையில் ஒரு பூச்சியைக் கொன்றேன், உன் டப்பாவுக்குத்தான் வந்திருக்கும் என்றேன்.

"பூச்சி வந்தா வரட்டும்க்கா. நம்ம துணிய அது திங்காதுல்லா. இது பிளாஸ்டிக் சாதி. தீயில போட்டாலே லேசுல எரியாது, பூச்சி என்ன பண்ணும், பல்லுதாம் போவும்" என்று சிரித்தாள்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, அப்புறம் இந்த ஈரம் மட்டும் எப்படி உள்ளே போகிறது என்று கேட்டேன்.

"ஈரம்னு இல்லக்கா, ஆவியாவுற எதுனாலும் போவும். வீட்ல பீரோவுல பாச்சா உருண்டை வைக்கியல்லா? நாலு மாசங் கழிச்சுப் பாத்தா உருண்டையக் காணோம். எங்க போச்சு? காத்தாகி அம்புட்டும் சேலைக்குள்ள போயி உக்காந்துக்கிடும். அந்தச் சேலைய அப்பிடியே பிசின்ல முக்கி சூட்டுல அமுக்குனா என்னாவும்? உள்ள உக்காந்தது வெளிய வரப் பாக்கும். கொப்புளம்! உங்களுக்குப் புரியட்டும்னு சொல்லுதேன், இங்க தண்ணிதாம் அப்பிடிப் பண்ணுது."

புரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் புளி வாங்கினேன். வெயில் அதிகம்.

ஜூலை 26, சனி

கொள்ளு ரசம் வைத்தேன். தலைவலி. எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை என்று எழுதினால் இறங்கவில்லை, ஏறுகிறது. எழுதியே தொலைக்கிறேன்.

நான்தான். ஈரமும் இல்லை, மாடும் இல்லை, இருபது நிமிஷமும் இல்லை. என் பாச்சா உருண்டை. பூச்சி தின்னாத துணிக்குப் பூச்சி மருந்து வைத்த ஒரே மனுஷி இந்த உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். கடைசித் தவணைக்கு மூன்று மூன்று ஸ்பூன் வேறு, அள்ளி அள்ளி வைத்தேனே, என் கையில் கொள்ளியை வைக்க!

காலையில் நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தேன். என் வாழ்க்கையில் அந்த எண்ணை அழுத்தியது இதுவே முதல் தடவை.

"அண்ணா, கம்பெனிக்கு வர முடியுங்களா?"

"இன்னைக்கா? ஊட்டுல ஒறம்பரை வந்திருக்காங்களேம்மணி."

"மூணு ரோலையும் திரும்பக் காயவைக்கோணும். சார்கிட்டச் சொல்ல வேண்டாம். ஏன்னு கேக்காதீங்க."

பின்னால் மாடு கத்துவது கேட்டது. "செரிங், சித்தெ இருங், வந்தர்றேன்" என்றார்.

வாட்ச்மேனிடம் லேபிள் மாறிவிட்டது என்று பொய் சொல்லி உள்ளே போனோம். பைகளைப் பிரித்து, குழலுக்குள் இருந்த மூட்டைகளை அவர் பார்க்காமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் மூன்று ரோலையும் உலர்த்தும் அறையில் ஏற்றி, காற்றை முழு வேகத்தில் வைத்து, ஏழு மணி நேரம் ஓட்டினார். இடையில் ஒரு தடவை கதவைத் திறந்து கவசத்தைக் கீழே இழுத்து முகர்ந்தார்.

"கல்யாணச் சேலை மடிப்பைப் பிரிச்சாப்பல ஒரு வாசம் வருதுங்கம்மணி."

"உங்க மூக்கு கெட்டுப்போயிருக்குதுங்கண்ணா" என்றேன்.

"இருக்குமுங்" என்று மூடிவிட்டார். பொழுதோடு மறுபடி கட்டினேன், வெறும் சிலிக்கா ஜெல் மட்டும். அவர் கிளம்பும்போது, தக்காளிச் சோறாவது வாங்கித் தரட்டுமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

தேறிவிட்டது! மூன்றாம் தவணை, பலகை நிலா மாதிரி வழவழவென்று இருக்கிறதாம். சார் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். இசக்கி விசில் அடித்தாள், ஒரு பெண் பிள்ளை விசில் அடித்து நான் இப்போதுதான் பார்க்கிறேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தப்புச் செய்தது நான், திருத்தியதும் நான், யாருக்கும் தெரியாது, கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தீரவில்லை.

முதல் இரண்டு தவணை ஏன் கெட்டது, அதற்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுத்தில் கொடுத்தால்தான் ஆர்டர் என்று பெங்களூர்க்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். சார் எழுதி அனுப்பிவிட்டார். காரணம்: உலர்த்தும் ஆபரேட்டரின் அலட்சியம். நடவடிக்கை: ஆபரேட்டர் நீக்கம். நாச்சிமுத்துவுக்குப் பதினைந்தாம் தேதியோடு கடைசி.

"எட்டு மணி நேரம் வச்சதும் சரியாயிடுச்சு பாருங்க, அப்ப முன்னாடி ஒழுங்கா வைக்கலைன்னுதானே அர்த்தம்?" என்று சார் கேட்டபோது நாச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கீரை ஆய்ந்தேன். தண்டைப் போட்டுவிட்டு இலையைக் குப்பையில் கொட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நாச்சிமுத்து டிபன் கேரியரைத் தரையில் வைத்திருந்தார். எடுத்து என் மேஜைமேல் வைத்தேன். அவர் பார்த்தார், மறுபடி கீழே இறக்கி வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இசக்கியிடம் சொல்லிவிட்டேன். லேப் கதவைச் சாத்திக்கொண்டு, ஆதியோடு அந்தமாக. அவள் வாயைத் திறந்தவள் மூடவே இல்லை.

"பாச்சா உருண்டையா! யக்கா! நா சும்மா உதாரணத்துக்குல்லா சொன்னேன்!" அப்புறம் நாற்காலியில் விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "பாவம்க்கா அந்த அண்ணாச்சி."

"நான் சார்கிட்டப் போய்ச் சொல்லிடறேன்."

"வாயால சொன்னா ஆவாது. ரிப்போர்ட்டு போயாச்சு. அந்த அண்ணாச்சிக்குப் பரிதாபப்பட்டு நீங்க பழிய ஏத்துக்கிடுதியன்னு நெனப்பாவ. பாச்சா உருண்டை வச்சு இங்க ஒரு பலகை போட்டு நா கொப்புளத்தக் காட்டிருவேன், அது ஏஞ்சோலி. ஆனா எந்தத் தேதி, எந்த ரோலு, எம்புட்டு வச்சியன்னு அன்னன்னைக்கு எழுதுன எழுத்து வேணும். பேக்கிங் ரிஜிஸ்டர்ல இருக்கா?"

ரிஜிஸ்டரில் சிலிக்கா ஜெல் என்று மட்டும்தான் இருக்கிறது.

"வேற எங்கயாவது எழுதி வச்சிருக்கியளா?"

இந்த நோட்டில் இருக்கிறது என்று சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் ஆனது.

ஆகஸ்ட் 9, சனி

முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தேன். ஐயோ சாமி.

நாச்சிமுத்துவை எத்தனை இடத்தில் திட்டியிருக்கிறேன் என்று எண்ணத் தொடங்கி எட்டோடு நிறுத்திவிட்டேன். மேனேஜரைக் கத்தரிக்காய் என்று எழுதியிருக்கிறேன். உதவி செய்கிற பெண்ணைக் கொசு என்று எழுதியிருக்கிறேன். டாக்டர் எழுதச் சொன்னாரே தவிர, ஒருநாள் ஊரே படிக்கும் என்று சொல்லவில்லையே!

தேதியையும் ரோல் எண்ணையும் மட்டும் வேறு தாளில் அழகாக எழுதித் தரட்டுமா என்று இசக்கிக்குப் போன் செய்தேன். "நேத்து எழுதுன தாளுக்கு எவன்க்கா மதிப்புக் குடுப்பான்? நோட்டு அப்பிடியே வேணும், ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கப்படாது" என்றாள். ஒவ்வொரு பக்கத்திலும் எண் அச்சடித்த நோட்டாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன், என் சாமர்த்தியம்.

கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? எனக்கு ஒன்றும் ஆகாது. ஐம்பத்து நாலு வயதில், அலட்சியம் என்று பெயர் வாங்கிக்கொண்டு போகிற மனுஷனை எவன் வேலைக்கு வைத்துக்கொள்வான்? திங்கட்கிழமை கொடுக்கிறேன். இதையும் சேர்த்துப் படிக்கட்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சார், இசக்கி, நாச்சிமுத்து, நான். மேஜையில் இரண்டு பலகை. ஒன்று வழவழப்பு. இன்னொன்று, பாச்சா உருண்டைப் பொடியோடு இரண்டு நாள் சூடான பெட்டியில் வைத்த துணியில் இசக்கி போட்டது, ஒரே கொப்புளம். பக்கத்தில் இந்த நோட்டு.

சார் தமிழ் தத்தித் தத்தித்தான் படிப்பார், அதனால் இசக்கியையே வாசிக்கச் சொன்னார். அவள் பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று என்று எண்ணுக்கு நேராகப் போகப் பார்த்தாள். சார் விடவில்லை. "முழுசா படிங்க. எடிட் பண்ணாதீங்க."

அவள் படித்தாள். கடிகாரத்தை மாட்டுக்குத் தீனியாகப் போட்டது வந்தது. கத்தரிக்காய் வந்தது. சார் கையைத் தூக்கி, "ஒன் மினிட், இது யாரு?" என்று கேட்டார். அவர் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "கண்டின்யூ" என்றார். ஷட்டர் சத்தம் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொசு வந்தபோது இசக்கி ஒரு நொடி நிறுத்தி, என்னைப் பார்த்துவிட்டு, அதே கொசுக் குரலில் மேலே படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் முடிந்ததும் சார் நாச்சிமுத்துவைப் பார்த்தார். "நீங்க அன்னைக்கு வந்து திரும்ப ஓட்டினீங்களா? ஏன் என்கிட்ட சொல்லலை?"

"அம்மணி சொல்ல வேண்டாம்னாங்க."

"உங்க வேலை போகுதுய்யா!"

"அதுக்குன்னு சொன்ன சொல்ல மாத்த முடியுங்களா சார்?" என்றார் நாச்சிமுத்து.

சார் வெகுநேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு, புது ரிப்போர்ட் தானே எழுதுவதாகவும், அதில் நாச்சிமுத்துவின் பெயரே வராது என்றும், நீக்கம் ரத்து என்றும் சொன்னார். எனக்குப் பத்து நாள் சஸ்பென்ஷன். திரும்பி வந்த பிறகு பேக்கிங் அறைக்குள் ஒரு கடுகு கொண்டுபோவதென்றாலும் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சரி என்றேன். கத்தரிக்காய் உள்ளே சொத்தை இல்லை, இதையும் எழுதிவிடுகிறேன்.

கேட்டில் நாச்சிமுத்துவுக்காக நின்றேன். மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அண்ணா, என்னை மன்னிச்சுக்கோங்க" என்றேன். அதற்கு மேல் வாயில் ஒன்றும் வரவில்லை, என் வாய்க்கு இப்படி ஆனதே இல்லை.

அவர் கவசத்தைக் கழற்றினார். சிரித்தார், அந்தச் சத்தத்தோடு. "போச்சாது, உடுங்கம்மணி. அந்த நோட்டை ரெண்டு நாளைக்குக் குடுங். என்ற ஊட்டுக்காரி முப்பது வருசமா இதையேதான் சொல்லிட்டிருக்கா. இன்னொரு ஆளும் அதையே எழுதியிருக்காங்கன்னு படிச்சுப் பாத்தா அவளுக்குச் சந்தோசமா இருக்கும்."

இதை எழுதி முடித்ததும் கொடுக்கிறேன். வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், நாச்சிமுத்து வெளியே காத்துக்கொண்டு நிற்கிறார்.

ஆகஸ்ட் 13, புதன்

கலாமணி அக்காவுக்கு. நான் நாச்சிமுத்து வீட்டுக்காரி ருக்மணி. உங்கள் நோட்டில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார், வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஷட்டர் சத்தத்தை என் மகளுக்குப் போனில் படித்துக் காட்டினேன், அவள் சிரித்துச் சிரித்துப் பேச முடியாமல் வைத்துவிட்டாள். கொஞ்சம் குறைத்தே எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் குறட்டையும் உண்டு.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். அவருக்கு வேலை போக இருந்தது எனக்கு இந்த நோட்டைப் படித்துத்தான் தெரியும். அந்த வாரம் முழுக்க எப்போதும் போல டிபன் கட்டிக்கொண்டு போனார், வந்தார், சாப்பிட்டார், மாட்டைக் குளிப்பாட்டினார். என்னிடம் மூச்சு விடவில்லை. ஆனால் வியாழக்கிழமை, ஏழாம் தேதி, வேலை விட்டு வந்ததும், கிளம்பு என்றார். சோமனூருக்குக் கூட்டிக்கொண்டு போய் எனக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தார். நாலு வருஷமாகக் கண் மங்கல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், பார்க்கலாம் பார்க்கலாம் என்பார். இன்றைக்கு என்ன அவசரம் என்று கேட்டதற்கு, இப்போதே செய்துவிட்டால் நல்லது என்றார். சம்பளம் நிற்பதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று செய்திருக்கிறார். எனக்கு அது அப்போது தெரியவில்லை.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் உங்கள் நோட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிகிறது அக்கா.